பாறுக்கழுகும் சாணி வண்டும்

குழந்தைகளே, ஒரு விடுகதை போடட்டுமா?

ஒருவர் வானத்தில் வட்டமிடுவார். இன்னொருவர் மண்ணுக்குள் புகுந்துகொள்வார். முதலாமவர் சிறகை விரித்தால் இரண்டு மீட்டர் வரும். உங்கள் வகுப்பு ஆசிரியர் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினாலும் அவ்வளவு வராது! இரண்டாமவர் உங்கள் சட்டைப் பொத்தான் அளவிலும் இருப்பார், பெரிய நெல்லிக்காய் அளவிலும் இருப்பார். முதலாமவருக்கு எலும்பு உண்டு, இறகு உண்டு. இரண்டாமவருக்கு ஆறு கால், முதுகில் கெட்டியான ஓடு. பார்த்தால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இருவரும் பார்க்கும் வேலை ஒன்றேதான். அவர்கள் யார்?

விடை தலைப்பிலேயே இருக்கிறது. பாறுக்கழுகு, சாணி வண்டு. இருவரும் துப்புரவுப் பணியாளர்கள். இறந்த மாட்டை அகற்றுவது பாறு. உயிரோடிருக்கும் மாடு போட்ட சாணத்தை அகற்றுவது வண்டு.

பாறு என்றால் பலருக்குத் தெரியாது. 'பிணந்தின்னிக் கழுகு' என்றால் தெரியும். எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. சங்க இலக்கியத்திலேயே பாறு, எருவை என்று அழகான பெயர்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டோம். சாணி வண்டின் பாடும் அப்படித்தான். கிராமத்துப் பிள்ளைகள் அதைப் 'பீயுருட்டி' என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். சிரித்து முடித்ததும் மேலே படியுங்கள்.

பழங்கால எகிப்து மக்கள் சிரிக்கவில்லை! வண்டு தன் உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதுபோலக் கேப்ரி என்ற தெய்வம் சூரியனை வானத்தில் தள்ளிக்கொண்டு போகிறது என்று அவர்கள் நம்பினார்கள். வண்டின் உருவத்தைக் கல்லில் செதுக்கித் தாயத்தாக அணிந்தார்கள். பாறையும் அவர்கள் விடவில்லை. நெக்பெத் என்ற பாறுத் தெய்வம் மன்னரைக் காப்பதாக நம்பினார்கள். துட்டன்காமன் என்ற இளம் மன்னரின் தங்க முகமூடியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் நெற்றியில் இரண்டு உருவங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்று நாகம். மற்றொன்று பாறு. நம் ராமாயணத்திலும் சீதையைக் காப்பாற்ற ராவணனோடு போராடி உயிர் விட்ட சடாயு கழுகரசன் அல்லவா?

சரி, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போமா?

மூக்கா, கண்ணா?

முதலில் சாப்பாட்டைக் கண்டுபிடிக்கும் திறமை. வண்டுக்கு மூக்கு கிடையாது. அதன் உணர்கொம்பின் நுனியில் விசிறி மடிப்புபோலச் சிறு தகடுகள் இருக்கும். அவைதான் அதற்கு மூக்கு. மாடு சாணி போட்ட சில நிமிடங்களில் வாசனை பிடித்துப் பறந்து வந்துவிடும். தாமதித்தால் சாணம் காய்ந்துவிடும், அல்லது மற்ற வண்டுகள் கொண்டுபோய்விடும்.

பாறு நேர் எதிர். நம் நாட்டுப் பாறுகள் மோப்பத்தை நம்புவதில்லை. கண்ணைத்தான் நம்புகின்றன. வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து சூடான காற்று மேலே எழும்பும். அதில் ஏறிக்கொண்டு சிறகை அசைக்காமலே உயரே போய்விடும். மேலே நின்று தரையைப் பார்ப்பதோடு, தூரத்தில் பறக்கும் மற்ற பாறுகளையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று கீழே இறங்கினால் போதும், "ஓகோ, அங்கே பந்தி!" என்று மற்றவையும் வந்து சேரும்.

எவ்வளவு உயரம் போகும்? ஆப்பிரிக்காவில் ரூப்பெல் பாறு என்று ஓர் இனம் உண்டு. 1973ஆம் ஆண்டு ஐவரி கோஸ்ட் நாட்டின் வான்பரப்பில் ஒரு விமானத்தின் எஞ்சினில் மோதிய பறவை அந்த இனம்தான் என்று இறகை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அப்போது விமானம் பறந்துகொண்டிருந்த உயரம் சுமார் 11,300 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தைவிட இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே!

உயரத்தில் பாறு ஜெயித்துவிட்டது. ஆனால் வண்டைக் குறைத்து எடை போட வேண்டாம். உருண்டை தள்ளும் வண்டுக்கு ஓர் அவசரம் உண்டு. சாணக் குவியலில் கூட்டம் அதிகம், திருடர்களும் அதிகம். உருண்டையைச் செய்த உடனே அங்கிருந்து நேர்கோட்டில் ஓடிவிட வேண்டும். வளைந்து நெளிந்து போனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து திருடர் கையில் மாட்டிக்கொள்ள நேரும். அதுவோ தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு, பின்னோக்கி நடக்கிறது. வழி எப்படித் தெரியும்?

பகலில் சூரியனைப் பார்த்துக்கொள்ளும். இரவில் நிலா. நிலா இல்லாத இரவில்? தென்னாப்பிரிக்காவில் சில விஞ்ஞானிகள் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார்கள். வண்டின் தலையில் சின்ன அட்டைத் தொப்பி போட்டு வானத்தை மறைத்தார்கள். தொப்பி போட்ட வண்டு தடுமாறிச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஜோகனஸ்பர்க் நகரின் கோளரங்கத்துக்குள் வண்டுகளைக் கொண்டுபோய், செயற்கை வானத்தில் பால்வீதியை மட்டும் காட்டினார்கள். வண்டுகள் நேராக நடந்தன! வானத்தில் வெண்பட்டைபோலத் தெரியும் பால்வீதியைப் பார்த்து ஒரு பூச்சி வழி கண்டுபிடிக்கிறது என்பது 2013ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில்தான் முதல்முறையாகத் தெரிந்தது. நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் ஓட்டிய மாலுமிகள் கதை படித்திருப்பீர்கள். இதுவும் மாலுமிதான். கப்பல்தான் சாணி உருண்டை!

பலத்திலும் வண்டுக்கே முதலிடம். கொம்புள்ள சாணி வண்டு ஒன்று தன் உடல் எடையைப்போல 1,141 மடங்கு எடையை இழுத்ததாக 2010ஆம் ஆண்டு அளந்து சொன்னார்கள். 30 கிலோ எடையுள்ள நீங்கள் 34,000 கிலோவுக்கு மேல் இழுப்பதற்குச் சமம். பாறுக்கு இந்த வித்தை தெரியாது. பருந்து கோழிக்குஞ்சைக் காலில் கவ்விக்கொண்டு பறக்கும் அல்லவா? பாறின் கால் நகங்களில் அந்தப் பிடி இல்லை. பந்தி நடக்கும் இடத்திலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

வயிற்றுக்குள் ஓர் அமிலத் தொட்டி

பாறின் பலம் காலில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. செத்து அழுகிய மாட்டில் இருக்கும் கிருமிகள் பெரும்பாலும் அங்கேயே பொசுங்கிவிடும். அடைப்பான் என்ற பயங்கர நோயால் இறந்த மாட்டைச் சாப்பிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. தலையிலும் கழுத்திலும் இறகு இல்லாததும் ஒரு வசதி. சடலத்துக்குள் தலையை விட்டாலும் ரத்தம் ஒட்டிப் பிசுபிசுக்காது. வெயிலில் உடல் சூட்டைத் தணிக்கவும் அந்த வழுக்கை உதவுகிறது. பெரிய கூட்டமாக வந்து அமர்ந்தால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்பாக்கிவிடும்.

வண்டுகளின் வேகமும் லேசுப்பட்டதல்ல. ஆப்பிரிக்காவில் ஒன்றரைக் கிலோ யானை லத்திக்கு 16,000 வண்டுகள் வந்து சேர்ந்ததையும், இரண்டே மணி நேரத்தில் அது காணாமல் போனதையும் 1974ஆம் ஆண்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லாச் சாணி வண்டுகளும் உருட்டுவதில்லை. உருட்டிக்கொண்டு போகிறவை கொஞ்சம்தான். குவியலுக்குக் கீழேயே சுரங்கம் தோண்டி உள்ளே இழுத்துக்கொண்டு போகிறவை நிறைய. சாணத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவையும் உண்டு. சுரங்கம் தோண்டுகிறவைதான் விவசாயிக்குச் சம்பளமில்லாத உழவர்கள். சாணத்தை வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஓட்டைகள் வழியே காற்றும் மழைநீரும் மண்ணுக்குள் இறங்கும். யானை லத்தியில் வாழும் பெரிய வண்டுகள் சாணத்தை உருண்டையாக்கி, மேலே மண்ணைப் பூசி ஆழத்தில் வைக்கும். அப்படிக் கிடைத்த உருண்டையைப் பழைய காலத்துப் பீரங்கிக் குண்டு என்று நினைத்து ஏமாந்த கதையும் உண்டு!

உருண்டை எதற்கு? சில உருண்டைகள் வண்டின் சாப்பாட்டுக்கு. சில, பிள்ளை வளர்க்க. ஓர் உருண்டைக்குள் ஒரு முட்டைதான் இடும். கொசுவைப்போல நூற்றுக்கணக்கில் இடுவதில்லை. பெரிய வண்டுகளில் சிலவற்றின் தாய், குஞ்சு வெளியே வரும்வரை பட்டினி கிடந்து காவல் இருக்கும். பாறும் அப்படியே. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாகப் பிள்ளை பெறும் உயிரினம் ஒருமுறை குறைந்துபோனால் மறுபடி பெருகுவதற்கு நெடுநாள் ஆகும்.

பணியாளர்கள் வராவிட்டால்?

உங்கள் தெருவில் நான்கு நாள் குப்பை அள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதுபோல வண்டுகள் இல்லாமல் ஒரு நாடே திண்டாடியது. அது ஆஸ்திரேலியா.

அங்கே கங்காருக்கள்தான் ஆதியில் இருந்தன. அவற்றின் புழுக்கை சின்னது, காய்ந்தது. உள்ளூர் வண்டுகள் அதற்குப் பழகியவை. 1788ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் குடியேறியபோது மாடுகளைக் கொண்டுவந்தார்கள். வண்டுகளைக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை! மாட்டுச் சாணத்தை என்ன செய்வது என்று உள்ளூர் வண்டுகளுக்குத் தெரியவில்லை. சாணம் மாதக்கணக்கில் வரட்டிபோலக் காய்ந்து கிடந்தது. அதன் அடியில் புல் முளைக்கவில்லை. ஈக்களோ கோடி கோடியாகப் பெருகின. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி ஈ ஓட்டுவதை 'ஆஸ்திரேலிய சல்யூட்' என்று கேலி பேசும் அளவுக்குப் போய்விட்டது.

ஹங்கேரி நாட்டிலிருந்து அங்கே குடியேறிய ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியல் அறிஞர்தான் இதைக் கவனித்தார். "என் ஊர் மாட்டு மந்தையில் சாணம் இப்படிக் கிடக்காதே" என்று யோசித்தவர், வண்டுகளை வரவழைக்கலாம் என்றார். 1960களின் நடுவில் திட்டம் தொடங்கியது. முட்டைகளைக் கிருமி நீக்கி, புதிய சாண உருண்டைக்குள் வைத்து, கவனமாக வளர்த்து, 1968 முதல் வெளியே விட்டார்கள். 40க்கும் மேற்பட்ட இனங்களை விட்டதில் இருபதுக்கும் மேற்பட்டவை அங்கே நிலைத்துவிட்டன. பல இடங்களில் ஈத்தொல்லை குறைந்தது. வெளிநாட்டு உயிரினத்தைக் கொண்டுவந்து விடுவது பெரும்பாலும் ஆபத்தில்தான் முடியும். இது தப்பிப் பிழைத்த ஒரு நல்ல உதாரணம்.

பாறு இல்லாமல் திண்டாடிய நாடு எது தெரியுமா? நம் இந்தியாதான்.

ராஜஸ்தானில் பரத்பூர் என்ற இடத்தில் கேவலாதேவ் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே விபு பிரகாஷ் என்ற பறவையியல் அறிஞர் 1980களில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணி எழுதி வைத்தார். 350க்கும் மேல் இருந்தன. 1990களின் நடுவில் மறுபடி போய்ப் பார்த்தால் பாதிகூட இல்லை. 2000ஆம் ஆண்டில் ஒரு கூடும் இல்லை! மரக்கிளையில் கழுத்தைத் தொங்கப்போட்டபடி பறவைகள் உட்கார்ந்திருந்தன. சில நாளில் விழுந்து இறந்தன. நாடு முழுவதும் இதே கதைதான். 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

சடலங்கள் வெளியில் அழுகிக் கிடந்தன. அதைத் தின்னத் தெருநாய்கள் பெருகின. நாய் பெருகினால் வெறிநாய்க்கடியும் பெருகும். தண்ணீரும் கெட்டது. பாறுகள் மறைந்த பகுதிகளில் 2000 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஒரு பறவை காணாமல் போனதற்கு இவ்வளவு பெரிய விலை!

குற்றவாளி யார்?

நோய்க்கிருமியா, பூச்சிமருந்தா என்று பல ஆண்டுகள் தேடினார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை மருத்துவரின் குழு பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தது. உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படலம். சிறுநீரகம் கெட்டு, வெளியேற வேண்டிய உப்பு உடலுக்குள்ளேயே படிந்திருந்தது. கெடுத்தது டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. 2004ஆம் ஆண்டு உலகத்துக்குச் சொன்னார்கள்.

டைக்ளோஃபினாக் விஷ மருந்து இல்லை. உங்கள் தாத்தாவின் முட்டிவலிக்கு மருத்துவர் எழுதித் தருவதுதான். காய்ச்சலும் மடிவீக்கமும் வந்த மாட்டுக்குக் கருணையோடு போட்ட ஊசிதான். ஆனால் ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துவிட்டால், மருந்து அதன் இறைச்சியில் தங்கிவிடும். பாறின் உடலால் அதைத் தாங்க முடியாது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டார்கள். ஏன் அப்படி? பந்தியை நினைத்துப் பாருங்கள். ஒரு சடலத்துக்கு ஐம்பது, அறுபது விருந்தாளிகள்!

2006ஆம் ஆண்டு மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை இந்திய அரசு தடை செய்தது. அதே வலியைப் போக்கும் மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளைக் கொல்வதில்லை என்று கண்டுபிடித்ததால் மாடுகளும் கைவிடப்படவில்லை. பாறுக்கு ஆகாத கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு மருந்துகளும் 2023ஆம் ஆண்டு மாடுகளுக்குத் தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியில் நீர்மருத மரங்களில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவின் இந்தக் காட்டுப் பகுதி முழுவதையும் சேர்த்தாலும் சில நூறு பாறுகள்தான் இருக்கும்.

இனிமேல்தான் நம் வண்டு வருகிறது. மாட்டின் வயிற்றில் புழு இருந்தால் ஐவர்மெக்டின் என்ற மருந்து கொடுப்பார்கள். அதுவும் நல்ல மருந்துதான். மனிதர்களின் யானைக்கால் நோயை ஒழிக்கவும் உதவுகிறது. அதைக் கண்டுபிடிக்க வழி வகுத்த சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்பல் இருவருக்கும் 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மாட்டுக்குப் போட்ட மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடு அப்படியே வெளியே வருகிறது. ஊசி போட்டுச் சில வாரங்கள் வரைகூட வரும். அந்தச் சாணத்தில் இட்ட முட்டையிலிருந்து வரும் வண்டுப் புழுக்கள் இறந்துபோகின்றன. வளர்ந்த வண்டுகள் சாகாவிட்டாலும் அவற்றின் உணர்கொம்பு மரத்துப்போகிறது, கால் தள்ளாடுகிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு கண்டார்கள். வாசனை தெரியாத சாணி வண்டு என்ன செய்யும், பாவம்!

ஆக, வானத்தில் இருப்பவருக்கும் மண்ணுக்குள் இருப்பவருக்கும் ஆபத்து ஒரே வழியில்தான் வருகிறது, மாட்டின் உடம்பு வழியாக. புழு இருக்கிற மாட்டுக்கு மட்டும், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்தால் வண்டுகளுக்குக் கேடு குறையும். எதற்கும் இருக்கட்டும் என்று மந்தை முழுவதற்கும் போடும்போதுதான் தொல்லை.

இருவருக்கும் இடையே எனக்குப் பெரிதாகத் தெரியும் வேறுபாடு அளவோ இறகோ அல்ல. பாறு மறைந்தது நமக்குத் தெரியும், ஏனென்றால் பரத்பூரில் ஒருவர் முன்னாலேயே எண்ணி வைத்திருந்தார். உங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன் எத்தனை சாணி வண்டுகள் இருந்தன? யாராவது எண்ணினார்களா?

நீங்கள் எண்ணலாம். மாடு மேயும் இடம் பக்கத்தில் இருந்தால், மழை பெய்த மறுநாள் காலையில் பெரியவர் ஒருவரோடு போங்கள். முந்தைய நாள் போட்ட சாணத்தைக் கையால் தொடாமல், ஒரு குச்சியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். அடியில் மண்ணில் ஓட்டைகள் தெரியும். பென்சில் நுழையும் அளவா, சுண்டுவிரல் நுழையும் அளவா, எத்தனை ஓட்டைகள் என்று பார்த்துத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பத்துச் சாணக் குவியல்கள் பார்த்தால் போதும். பக்கத்திலேயே மாட்டுக்காரர் இருந்தால், அண்மையில் மாட்டுக்குப் புழு மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாணத்தை மறுபடி இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே ஒரு வண்டு வேலையில் இருக்கும்.